டேவிஸும் பள்ளக்காடும்

மைசூரில் ஹெப்பாள் பக்கம் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை டேவிஸ் பல வருஷம் ஓட்டினார். ஏசி பஸ். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் கம்பெனி அட்டை. அவருடைய அப்பா கட்டட வேலைக்கென்று திருச்சிப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்தவர். கடைசிவரை சிமெண்டு போகாத கையோடுதான் சாப்பிட உட்கார்ந்தார். மகன் வெள்ளைச் சட்டையில் வேலைக்குப் போவதைப் பார்க்கத் தெருமுனை வரை வந்து நிற்பாராம். டேவிஸ் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்தச் சட்டையை அவர் ஒருநாளும் இஸ்திரிக் கடையில் கொடுத்ததில்லை, தானே தேய்த்துக்கொள்வார்.

கொரோனா வந்ததும் கம்பெனி ஆட்கள் எல்லாரும் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கினார்கள். பஸ்கள் ஷெட்டில் வரிசையாக நின்றன. கொஞ்ச காலம் பாதிச் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அவர் மனைவி லிசா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த நாட்களில் அவள் வீட்டுக்கு வருவதே பெரிய விஷயமாக இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த டேவிஸுக்குக் கடைசியில் கிடைத்தது குப்பை உரம் ஏற்றும் டிப்பர் லாரி.

கணேஷ்குமார் என்ற ஒப்பந்தக்காரர் ஊருக்கு வெளியே ஓர் உரக்களம் நடத்திவந்தார். ஹோட்டல் எச்சில், மார்க்கெட்டில் அழுகிய காய்கறி, வீடுகளில் பிரித்துப் போடும் ஈரக் குப்பை எல்லாம் அங்கே வந்து நீளமான குவியல்களாகக் கிடந்து மக்கும். மக்கியதைச் சலித்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், அதுதான் டேவிஸின் வேலை. முதல் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோது அவருக்கு அழுகை வந்ததாம். வேலை முடிந்ததும் களத்துக் குழாயடியிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவார். மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. லிசாதான் ஒருநாள் கேட்டாள், ஆஸ்பத்திரியில் நான் தினமும் மூக்கில் ஏற்றிக்கொள்ளும் வாடைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு வாடையா என்று.

அந்த வருஷம் மழை தொடங்கும் நேரத்தில் அவருக்குக் கொள்ளேகால் ரோட்டில் ஒரு புது இடம் கொடுத்தார்கள். பெரிய ரோட்டை விட்டு உள்ளே போனால் ஒரு சின்ன ஊர். அங்கே வீட்டில் தமிழ் பேசும் கெம்பையன் என்பவரின் நிலத்தைப் பள்ளக்காடு என்றால்தான் ஊருக்குத் தெரியும். பேருக்கு ஏற்ற நிலம்தான். பக்கத்து வயலிலிருந்து பார்த்தால் ஓர் ஆள் இடுப்பளவு தாழ்ந்து கிடக்கும். பாகம் பிரிப்பதற்கு முன்னால் கெம்பையனின் அண்ணன் செங்கல் சூளைக்காரர்களை மேல்மண்ணை வெட்டிக்கொள்ள விட்டுவிட்டார். பிறகு பாகம் பிரிந்தபோது வெட்டாத பக்கம் அண்ணனுக்குப் போயிற்று, வெட்டிய பக்கம் தம்பிக்கு வந்தது. மேலே இருந்த கறுத்த மண் எந்தெந்த ஊர் வீடுகளிலோ சுவராகி நின்றுகொண்டிருந்தது. கெம்பையனுக்கு மிஞ்சியது அடியில் கிடந்த செம்மண். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் ஓடு. ராகி விதைத்தால் முழங்காலுக்கு வளர்ந்து நின்றுவிடும்.

இந்த நிலத்தைத் தேடிப் பிடித்தவள் தாரணி. மைசூரில் ஒரு மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். அந்த ஊர் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ் வீட்டுப் பெண், ஆனால் கன்னடம்தான் அவளுக்குத் தடையில்லாமல் வரும். நகரத்துக் குப்பை உரத்தைப் போட்டால் மண்ணில் கரிமம் எவ்வளவு ஏறுகிறது, எத்தனை நாள் தங்குகிறது என்று பார்க்க அவளுக்கு இப்படி வெறுமையாக்கப்பட்ட மண் வேண்டியிருந்தது. பள்ளக்காட்டை இரண்டாகப் பிரித்தாள். கிழக்குப் பாதிக்கு வருஷா வருஷம் உரம். மேற்குப் பாதிக்கு ஒன்றும் கிடையாது. இரண்டிலும் ஒரே விதை, ஒரே உழவு. கெம்பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இலவசமாக லோடு வருகிறது என்பது மட்டும்தான் அப்போது அவர் காதில் விழுந்திருக்கும் என்று தாரணி பிற்பாடு சொல்வாள்.

முதல் லோடு கொட்டிய அன்று குவியலிலிருந்து ஆவி எழுந்தது. மழைக்கு முன்னால் களத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கணேஷ்குமார் அவசரப்படுத்தியிருந்தார். டேவிஸுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எது சரி என்றும் அவருக்குத் தெரியாது. ஏற்றியதைக் கொண்டுவந்து கொட்டினார், போனார். அவசரத்தில் தாரணியும் அந்த லோடைச் சோதித்துப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

ராகி முளைத்து ஒரு சாண் வந்தபோது கிழக்குப் பாதி முழுக்க மஞ்சளடித்துவிட்டது. உரமே போடாத மேற்குப் பாதிப் பயிர் அதைவிடத் தெளிவாக நின்றது. மைசூர்க்காரன் எச்சிலைக் கொண்டுவந்து கெம்பையன் தலையில் கொட்டிவிட்டான் என்று டீக்கடையில் பேச்சு. அடுத்த முறை டேவிஸ் அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு லோடு கொண்டுபோனபோது, கெம்பையன் ரோட்டில் நின்று லாரியை நிறுத்தினார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் டேவிஸ் நினைத்தார். கெம்பையன் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வரப்பில் நிறுத்தினார்.

"பாருங்க டிரைவரே. நீங்களும் ஒருக்கா பாத்துட்டுப் போயிருங்க" என்றார்.

டேவிஸ் பார்த்தார். மஞ்சள் பயிருக்கு நடுவில் பால் பாக்கெட் துண்டுகளும் ஒரு பொம்மையின் கையும் கிடந்தன. திரும்பி வரும்போது லாரி தடத்தின் குறுக்கே கெம்பையன் முள்ளை வெட்டிப் போடுவது கண்ணாடியில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தும் டேவிஸுக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. பஸ் ஓட்டிய காலத்தில் அவர் வண்டி தாமதமாகப் போனால் யாராவது முகத்தைச் சுளிப்பார்கள், அதோடு சரி. தான் கொண்டுபோய்ச் சேர்த்த ஒன்றால் ஒரு மனுஷன் ஒரு வருஷ ராகியை இழந்து நிற்பது அவருக்குப் புதிது. ஆய்வுக்கூடத்துக்கே போய்த் தாரணியைக் கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. அரைகுறையாக மக்கிய குப்பையை மண்ணில் போட்டால், மிச்சத்தைத் தின்று முடிக்க நுண்ணுயிர்கள் பாய்ந்து பெருகும், அதற்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும் என்று சொன்னாள். குவியலுக்குள் கடப்பாரையைச் சொருகி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாள். சுட்டால் இன்னும் வேலை நடக்கிறது. குளிர்ந்து, மழை பெய்த தோட்டத்து வாசனை வந்தால்தான் மண்ணுக்குப் போகலாம். "அந்த லோடை நான் டெஸ்ட் பண்ணிருக்கணும் அங்கிள். என் தப்புதான்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் டேவிஸ் கொள்ளேகால் பஸ் ஏறினார். லாரி இல்லாமல், தனி ஆளாக, முள்ளைச் சுற்றிக்கொண்டு நடந்து வருகிறவரைக் கண்டதும் கெம்பையனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தாரணி சொன்னதை டேவிஸ் தனக்குத் தெரிந்த மட்டும் எடுத்துச் சொன்னார். கெம்பையன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேகாத சோத்தத் தின்னா வவுறு என்ன பண்ணுமோ அதப் பண்ணிருக்குதுங்க. அது வெளங்குது. அடுத்த தடவ வெந்ததக் கொண்டாருவீங்கன்னு நான் எத வெச்சு நம்பறது?"

"சூடு இருந்தா நான் வண்டிய எடுக்க மாட்டேன் அண்ணா" என்றார் டேவிஸ்.

சொல்லிவிட்டாரே தவிர, பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

அந்த வார்த்தையைக் காப்பாற்றும் நாள் மறுவருஷம் வந்தது. கடப்பாரை சுட்டது. டேவிஸ் சாவியை மேஜைமேல் வைத்தார். கணேஷ்குமார் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தினமும் வந்து விழும் குப்பைக்கு இடம் காட்ட வேண்டிய கவலையில் இருப்பவர். லோடு ஓட்டுகிற ஆளுக்கு லோடைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்டார். வேறு டிரைவர் கிடைப்பான் என்றார். டேவிஸ் வீட்டுக்கு வந்துவிட்டார். லிசாவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் சம்பாதிக்கிறேன்ல. ரெண்டு வாரம் நிம்மதியா தூங்குங்க" என்றாள்.

ரெண்டு வாரம் ஆகவில்லை. டேவிஸ் சொன்னதைக் கேட்டுத் தாரணி உரக்களத்துக்கே வந்து கணேஷ்குமாரிடம் பேசினாள். பச்சை உரத்தால் இன்னொரு வயல் கெட்டால் அந்தப் பக்கம் ஒருவரும் இந்த உரத்தை வாங்க மாட்டார்கள், பிறகு குவியல் இங்கேயே மலையாக நிற்கும் என்றாள். அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. கொட்டகை ஓரத்தில் ஒரு மூலையை ஒதுக்கினார். அங்கே ஒரு குவியலைக் கூடுதல் காலம் போட்டு, அடிக்கடி கிளறி, நன்றாக ஆறவிட்டு, சின்னக் கண் சல்லடையில் சலிக்கலாம் என்று முடிவாயிற்று. டேவிஸுக்கு ஆள் அனுப்பினார். கிளறும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டினார். டேவிஸ் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த வருஷம் லோடு தாமதமாகத்தான் போயிற்று. விதைப்புக்குச் சற்று முன்னால்தான் போய்ச் சேர்ந்தது. கெம்பையன் லாரியில் ஏறி உரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தடத்தில் கிடந்த முள்ளை ஒதுக்கினார். ராகி மஞ்சளடிக்கவில்லை. பிரமாதமாக வந்தது என்றும் சொல்ல முடியாது. இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நின்றன.

அறுவடை முடிந்து தாரணி மண்ணெடுத்துப் போனாள். முடிவு வந்ததும் டேவிஸ் ஆவலாகப் போய்க் கேட்டார். கரிமம் துளி ஏறியிருந்தது. அளவில் ஏற்படும் பிசகு என்றுகூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு கொஞ்சம். டேவிஸுக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை லோடு கொட்டினோமே, அதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார்.

காற்றுக்குத்தான் போயிற்று என்று தாரணி சொன்னாள். போடுவதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விட்டுவிடும். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் வேகமாகப் போகும். கொஞ்சம்தான் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு, மண்கட்டிகளுக்குள் ஒளிந்து, வருஷக்கணக்கில் தங்கும். நன்றாக மக்கியதில் அந்தத் தங்கும் பங்கு கூடுதல். பள்ளக்காட்டில் ஒரு நல்ல விஷயம், அடிமண் என்பதால் களி நிறைய உண்டு, ஒட்டிக்கொள்ள இடம் காலியாகக் கிடக்கிறது. டேவிஸ் இதைத் தன் பஸ்ஸாக நினைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டார். ஏறுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் இருவர்தான் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத் தினமும் வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. "அப்போ நிறுத்தாம போடணும், இல்லையா?" என்று கேட்டார். ஆமாம், நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடும் என்றாள் தாரணி.

அதற்கடுத்த வருஷம் கம்பெனிப் பஸ்கள் திரும்ப ஓடத் தொடங்கின. பழைய மேற்பார்வையாளர் போன் செய்து கூப்பிட்டார். புது வண்டி, பழைய ரூட். அவர் போவார் என்றுதான் லிசா நினைத்தாள். டேவிஸ் பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கக்கூடச் செய்தார். காலையில் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டுக் களத்துக்குப் போனார். ஏன் என்று லிசா கேட்டதற்கு, அந்த பஸ்ஸில் நான் ஏற்றி இறக்கினவர்கள் இறங்கின பிறகு என்ன ஆனார்கள் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, இதில் கொட்டியது என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்க முடிகிறது என்றாராம். லிசாவுக்கு அது முழுசாகப் புரியவில்லை. நைட் ஷிஃப்ட் இல்லாத வேலை, அதுவே போதும் என்று விட்டுவிட்டாள்.

பள்ளக்காட்டில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது நான்காம் வருஷத்தில். ராகி கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு மதியம் பெருமழை கொட்டியது. டேவிஸ் அப்போது லாரியோடு அந்த ஊரில்தான் இருந்தார். மழை விட்டதும் இருவரும் வயலுக்கு இறங்கிப் போனார்கள். மேற்குப் பாதியில் தண்ணீர் மேலேயே வழிந்து, செந்நிறமாக ஓடி, வரப்பை அறுத்துக்கொண்டு போயிருந்தது. வேர் தெரியப் பயிர் சாய்ந்து கிடந்தது. கிழக்குப் பாதியில் தண்ணீரைக் காணோம். எல்லாம் உள்ளே இறங்கிவிட்டது. பயிர் நனைந்து நின்றது, அவ்வளவுதான். கெம்பையன் கிழக்குப் பக்கத்து மண்ணை ஒரு பிடி எடுத்து உதிர்த்தார். சின்னச் சின்ன உருண்டைகளாக உதிர்ந்தது, நிறம் காப்பிப்பொடிக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்திருந்தது. பிறகு மேற்குப் பாதியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த வருஷ அறுவடைக்குப் பிறகுதான் அவர் கேட்டார். தாரணி மண்ணெடுக்க வந்திருந்தாள். லோடு சம்பந்தமாக டேவிஸும் கூட இருந்தார். மண்ணெடுக்கும் குழாயைத் தாரணி துடைத்துக்கொண்டிருந்தபோது கெம்பையன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஏங்கண்ணு, அந்தப் பாதிக்கும் இந்த வருசம் போட்டுரலாமா?"

மேற்குப் பாதி வெறுமையாக இருந்தால்தான் கிழக்குப் பாதியில் ஏறியது உரத்தால் ஏறியதா, வேறெதனாலாவது ஏறியதா என்று சொல்ல முடியும். இன்னும் சில வருஷம் ஓடினால்தான் தங்கும் கரிமத்தைப் பற்றி உறுதியாகப் பேசலாம். இப்போது அதிலும் கொட்டிவிட்டால் இத்தனை வருஷ வேலை பாதியில் நிற்கும். இதையெல்லாம் அவள் தட்டுத் தடுமாறி அவருடைய தமிழிலேயே சொன்னாள். கெம்பையன் மறுக்கவில்லை.

"நீ சொல்றது நாயந்தான் கண்ணு. ஆனா அந்தப் பக்கம் வருசா வருசம் என் கண்ணு முன்னால கரஞ்சு போகுது. ஒம் படிப்புக்கு அது பட்டினி கெடக்கோணும். எத்தன நாளைக்கு?"

அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாரணிக்குக் கஷ்டமாகப் போயிற்று. அவள் டேவிஸைப் பார்த்தாள். டேவிஸுக்கு இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது. யார் பக்கம் பேசினாலும் இன்னொருவருக்குத் துரோகம் செய்தது போலாகும் என்று வாயைத் திறக்காமல் நின்றார். அன்று ஒன்றும் முடிவாகவில்லை. தாரணி திரும்பும்போது டேவிஸோடு லாரியிலேயே ஏறிக்கொண்டாள். நரசிபுரம் தாண்டியபோதுதான், ஒருவருக்குச் சொந்தமான நிலத்தைப் பாதியாகக் கிழித்துப் போட்டது தான்தானே என்று ஆரம்பித்தாள். அந்தப் பாதி எதற்குச் சும்மா கிடக்க வேண்டும் என்று முதல் வருஷமே அவரை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றாள்.

"இப்போ சொல்லிட்டியேம்மா. அவரும் கேட்டுட்டாரு. இனிமே ரெண்டு பேரும் சேந்து ஏதாச்சும் பண்ணலாம்" என்றார் டேவிஸ்.

தாரணி ஆய்வுக்கூடத்தில் தன் மேலதிகாரியோடு பேசினாள். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு இறங்கி வந்தார். மேற்குப் பாதியில் ஓரமாக ஒரு பட்டையை மட்டும், நாலைந்து ஏர்ச் சால் அகலத்துக்கு, உரமில்லாமல் விடுவது, மீதியெல்லாம் கெம்பையன் விருப்பம். கணக்கு முன்போல அவ்வளவு உறுதியாக வராது, ஆனாலும் வரும். அடுத்த முறை போனபோது தாரணி கெம்பையனை அந்த வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பட்டையை எங்கே விடுவது என்று அவரையே காட்டச் சொன்னாள். அண்ணன் வயலை ஒட்டிய ஓரம் வேண்டாம், அங்கே மேலிருந்து மண் கரைந்து வந்து விழும், உங்களுக்குக் கணக்குத் தப்பும் என்று கெம்பையனே நடுவில் ஓர் இடத்தைக் காட்டினார். குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள்.

மேற்குப் பாதிக்கு முதல் லோடு கொண்டுபோனது டேவிஸ்தான். ஆறிய உரம். டிப்பரைத் தூக்கியபோது புழுதிகூட அதிகம் எழவில்லை. கெம்பையனின் மனைவி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லாரியின் பின்கதவை அடைத்துவிட்டு வந்த டேவிஸுக்குச் சாப்பாடு போட்டார். களியும் கீரைக் குழம்பும். மதியம் வரை உட்கார்ந்து பேசினார்கள். இந்த உரம் எத்தனை நாளைக்கு வரும் என்று கெம்பையன் கேட்டார். ஆய்வு முடிந்தால் இலவச லோடு நிற்கும் என்று டேவிஸ் உள்ளதைச் சொன்னார். அதற்குள் மாட்டுச் சாணத்துக்கும் ஊர்ப் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மிச்சத்துக்கும் சேர்த்து ஒரு குழி வெட்டிவிட வேண்டும் என்று கெம்பையன் சொன்னார். சொன்னபடி வெட்டியும் விட்டார். அது ரொம்ப மெதுவாகத்தான் நிறைகிறது.

டேவிஸ் இன்னும் அந்த லாரிதான் ஓட்டுகிறார். தாரணியின் அளவுகளில் கிழக்குப் பாதி இப்போது அந்தப் பக்கத்துச் சாதாரண வயல்களை எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்திருக்கிறது. ஆழத்தில் அநேகமாக ஒரு மாற்றமும் இல்லை. வெட்டிக்கொண்டு போன மண் தன் வாழ்நாளுக்குள் திரும்பாது என்று கெம்பையனுக்குத் தெரியும், அதை அவர் துக்கமாகச் சொல்வதில்லை. நடுவில் விட்ட பட்டையைப் பாழாகப் போட்டுவிடுவார் என்று தாரணி பயந்திருந்தாள். போன வருஷம் டேவிஸ் போனபோது, கெம்பையன் கயிற்றுக்கு உள்ளே குந்தி, அந்தச் சிவந்த மண்ணில் குட்டையாக நின்ற ராகிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தார். அதற்கும் சேர்த்தா என்று டேவிஸ் கேட்டார்.

"இதுவும் என் மண்ணுதானுங்களே" என்றார் கெம்பையன், தலை நிமிராமல்.